பழைய ரன்னிங் ஷூ வாங்கலாமா? பட்ஜெட் 2,000 ரூபாய்

போளூர்_தமிழ்:
எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிட்டு இருக்கேன். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். அக்னிவீருக்கும் போடலாம்னு ஒரு எண்ணம், அங்க 1.6 கிலோமீட்டர். வார நாள்ல ஹைஸ்கூல் கிரவுண்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் திருவண்ணாமலை ரோட்டுல நீள ஓட்டம். இப்ப கால்ல இருக்கிறது சாதாரண கேன்வாஸ். கொஞ்ச நாளா முழங்காலுக்குக் கீழ, எலும்போட உள்பக்க ஓரமா வலிக்குது.

ஆன்லைன்ல ஒரு விளம்பரம் பார்த்தேன். பெரிய வெளிநாட்டு பிராண்ட். "கடை விலை 11,000, ரெண்டு மாசம்தான் போட்டது, 2,000 கொடுத்தா போதும்"னு போட்டிருக்கார். ஆள் சென்னை. பணத்தை முதல்ல போட்டுவிட்டா கூரியர்ல அனுப்புவாராம். போட்டோவுல புதுசு மாதிரி இருக்கு. இந்தக் காசுக்கு இதை வாங்குறதா, சாதாரண ஷூவையே புதுசா வாங்குறதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெரினா_விடியல்:
தம்பி, பணத்தை முன்கூட்டி அனுப்பவே வேண்டாம். மற்றதை அதற்குப் பிறகு பேசுவோம்.

பழைய ஷூவில் பளிச்சென்று தெரிகிற எதையும் நம்பக் கூடாது. மேல்துணியைத் துவைத்துவிடலாம், லேஸை மாற்றிவிடலாம். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் திருப்பிப் பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் நாம் காசு கொடுப்பது நடுவில் இருக்கிற மிட்சோலுக்கு. அந்த ஃபோம் செத்துப்போயிருந்தாலும் வெளியே அவ்வளவாகத் தெரியாது. தினசரி ஓடுகிற ஷூவுக்குப் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஆயுள் என்பார்கள். ஓடுபவரின் எடை, தரை, கால் வைக்கும் விதம் எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டும், குறைக்கும்.

"ரெண்டு மாசம்தான் போட்டது" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர் வாரம் 60 கிலோமீட்டர் ஓடுவார். இரண்டு மாதத்தில் 480 கிலோமீட்டர் போய்விடும். மாதக் கணக்கு கேட்காதீர்கள், கிலோமீட்டர் கணக்கு கேளுங்கள். எந்த ஷூவில் எவ்வளவு ஓடினோம் என்று ஸ்ட்ராவா என்கிற ஓட்டக் கணக்கு செயலியில் பதிந்து வைக்க வசதி இருக்கிறது. அதன் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். உண்மையிலேயே ஓடுகிறவராக இருந்தால் உடனே அனுப்பிவிடுவார்.

விலையையும் கிலோமீட்டரில் போட்டுப் பாருங்கள். 2,400 ரூபாய்க்குப் புது ஷூ, 600 கிலோமீட்டர் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். 2,000 ரூபாய்க்குப் பழையது, ஏற்கெனவே 400 ஓடியிருக்கிறது என்றால் மீதி 200தான். கிலோமீட்டருக்கு 10 ரூபாய். 2025 செப்டம்பரிலிருந்து 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். உங்கள் பட்ஜெட்டில் புது ஷூ இப்போது எட்டாத தூரத்தில் இல்லை.

கோச்_புதுக்கோட்டை:
தம்பி, ஒரு கணக்கு நானும் சொல்றேன். 1500 மீட்டர் 7 நிமிஷம்னா கிலோமீட்டருக்கு 4 நிமிஷம் 40 விநாடி. அதுக்கு 11,000 ரூபாய் ஷூ எதுக்கு? அக்னிவீர்ல முதல் பிரிவு 5 நிமிஷம் 30 விநாடி, அது கிலோமீட்டருக்கு 3:26 ஆகுது. அந்த வேகம் பயிற்சியில வர்றது, ஷூவுல வர்றதில்ல.

ஆனா பழைய ஷூவே வேண்டாம்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன். எங்க மைதானத்துல பாதிப் பிள்ளைங்க போட்ட முதல் ஸ்பைக்ஸ், அதாவது அடியில ஆணி வச்ச ஓட்டப்பந்தய ஷூ, சீனியர் கழட்டிக் கொடுத்ததுதான். அரசு விளையாட்டு விடுதிகள்லயும் இதுதான் நடக்குது. ஸ்பைக்ஸுல ஃபோம் ரொம்பக் கம்மி, அதனால சாகறதுக்கு அங்க ஒண்ணும் பெருசா இல்ல. ஆணி தேஞ்சா ஆணியை மட்டும் மாத்திக்கலாம். ஆணி திருகுற துளையைத்தான் நல்லாப் பாக்கணும். மரை தேஞ்சு ஆணி ஆடுச்சுன்னா அந்த ஜோடி வேண்டாம். துருப்பிடிச்சு இறுகிப்போய் கழட்டவே வரலன்னாலும் வேண்டாம்.

அளவு சேர்றது முதல் விஷயம். 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தானுக்கு முன்னாடி எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலாவுக்குக் கிடைச்ச ஷூ காலுக்குச் சேரல. வெறுங்காலோட ஓடி 2 மணி 15 நிமிஷம் 16 விநாடியில தங்கம் வாங்கினார். சேராத ஷூவுக்கு வெறுங்காலே மேல்னு எங்க பிள்ளைங்களுக்கு இன்னைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

பிசியோ_செல்வி:
கோச் சார், பிகிலா சிறு வயதிலிருந்து வெறுங்காலில் ஓடிப் பழகியவர். ஏற்கெனவே கால் வலிக்கிற பையனுக்கு அந்த உதாரணம் சரிவராது.

தமிழ், நீங்கள் சொல்கிற வலி முன்காலெலும்பின் உள் ஓரத்தில் நீளமாகப் பரவி இருக்கிறதா, இல்லை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியிலா? நீளமாக, ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் பயிற்சியைச் சட்டென்று கூட்டியதால் வருவது. ஒரே புள்ளியில் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். எந்த ஷூ வாங்கினாலும் அது ஆறாது.

பழைய ஷூவில் எனக்குள்ள கவலை இதுதான். முன்பு போட்டவர் ஓடிய விதம் அதில் பதிந்திருக்கும். அவர் பாதம் உள்பக்கம் சாய்கிற ரகமாக இருந்தால் ஃபோமும் அந்தப் பக்கமே அதிகம் அமுங்கியிருக்கும். நீங்கள் போடும்போது உங்கள் காலும் அந்தப் பக்கமே இழுக்கப்படும். மேசை மேல் இரண்டு ஷூவையும் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகால் நேராக நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று சாய்ந்து நின்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அடி ரப்பரில் குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது சகஜம், நிறையப் பேர் அங்கேதான் கால் வைக்கிறார்கள்.

கோச்_புதுக்கோட்டை:
செல்வி மேடம், வலி இருக்கிறவங்களுக்கு நீங்க சொல்றது சரி. வலி இல்லாத பிள்ளைங்களுக்குப் பழசு கெடுதல்னு நான் இன்னும் ஒத்துக்க மாட்டேன். கேன்வாஸுல ஓடுற பிள்ளைக்குப் பாதி ஆயுள் மிச்சம் இருக்கிற நல்ல ஷூ கிடைச்சா பெரிய விஷயம்.

பிசியோ_செல்வி:
பாதி ஆயுள் மிச்சம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் நானும் சரி என்பேன். 1985-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆட்கள் ஓடித் தேய்த்த ஷூக்களிலும் 500 மைலுக்குப் பிறகு அதிர்ச்சி தாங்கும் தன்மை சுமார் 70 சதவீதம் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு ஃபோம்கள் நிறைய மாறிவிட்டன. ஆனால் ஷூ ஒரே நாளில் செத்துவிடாது, மெல்ல மெல்ல இறங்கும் என்பது இன்றைக்கும் உண்மை.

ஆம்பூர்_பட்டறை:
ஷூ தொழிற்சாலையில் சோல் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் ஃபோம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்த விஷயத்தைப் பழைய ஷூ வாங்குகிறவர்கள் யாரும் கேட்பதே இல்லை.

பெரும்பாலான ரன்னிங் ஷூக்களின் மிட்சோல் இ.வி.ஏ. என்கிற ஃபோம். 1970-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. உள்ளே முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள். ஓடும்போது ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை அதில் இறங்கும். அறைகளின் சுவர் மடங்கி மடங்கிக் கடைசியில் உடையும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும், உடைந்தது மீளாது. பக்கவாட்டில் மிட்சோலைப் பார்த்தால் படுக்கைவசமாகச் சுருக்கங்கள் தெரியும். மெல்லிய கோடுகள் என்றால் பரவாயில்லை. ஆழமாக, கையால் அமுக்காமலேயே மடிந்து நின்றால் அந்த ஷூ முடிந்துவிட்டது. உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற இன்சோல் அட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் குதிகால் இடத்தையும் முன்பாதத்தையும் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தாலும் சரி, அழுத்திய பள்ளம் அப்படியே நின்றாலும் சரி, வேண்டாம்.

அடுத்தது வயசு. யாருமே போடாத பழைய ஸ்டாக் என்று சொல்லி விற்கிற ஷூவில்தான் ஆபத்து அதிகம். சில ஷூக்களில் மிட்சோல் பாலியூரித்தேன், நாங்கள் பி.யு. என்போம். காற்றில் இருக்கிற ஈரமே அதன் இணைப்புகளை அறுத்துவிடும். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் நிற்காது. கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், போட்டு நாலு தெரு நடந்தால் அடிப்பாகம் தூள் தூளாக உதிரும். இ.வி.ஏ. அப்படி உதிராது, ஆனால் வருஷம் ஏற ஏற இறுகும். ஒட்டியிருக்கிற பசையும் வெயில் காலத்தில் காரின் டிக்கியில், மொட்டை மாடி அறையில் கிடந்தால் விட்டுக்கொடுத்துவிடும். பல பிராண்டுகளில் நாக்கின் உள்ளே உள்ள சின்ன லேபிளில் தயாரித்த காலம் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஓட்டத்துக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சோல் வாய் பிளந்திருக்கிறது, தைத்துக்கொள்ளலாம் என்று வாங்குவார்கள். தெருமுனையில் தைப்பவர் ஊசியை ஃபோம் வழியாகக் குத்திச் சுற்றி இறுக்கித் தைப்பார். நடக்க நன்றாகத் தாங்கும். ஓடுவதற்கு அது ஆகாது, முன்பாதம் வளைகிற இடத்தில் விறைத்துக்கொள்ளும். முனையில் மட்டும் லேசாக விட்டிருந்தால் நல்ல பி.யு. பசை போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி கட்டி வைத்தால் போதும்.

தேக்கா_மணி:
சிங்கப்பூரிலிருந்து. இங்கே கரோசெல் என்கிற பழைய பொருள் விற்பனைச் செயலியில் பழைய ரன்னிங் ஷூ நிறைய வரும். நான் தேடுவது ஒரே வகை: அளவு தப்பாக வாங்கி, ஒன்றிரண்டு தடவை போட்டுவிட்டு விற்பவர்கள். ஆன்லைனில் வாங்கித் திருப்பிக் கொடுக்க நாள் கடந்துபோனவர்கள் விலையை நன்றாகவே இறக்குவார்கள். அடி ரப்பரில் வார்ப்பின்போது வந்த சின்ன ரப்பர் முனைகள்கூடத் தேயாமல் இருக்கும்.

தொடவே தொடாதது கார்பன் பிளேட் ரேஸ் ஷூ, அதாவது மிட்சோலுக்குள் கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ. "ஒரே ஒரு மாரத்தான்தான் ஓடினது" என்று எழுதியிருப்பார்கள். அந்த ரகத்தில் சிலதுக்கு அந்த ஒரு மாரத்தான்தான் ஆயுளே. 2023-ல் அடிடாஸ் 500 டாலருக்கு விட்ட அடியோஸ் ப்ரோ ஈவோ 1, ஒரு ஷூ 138 கிராம். ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் போட்டுப் பழகுவதற்கும் உரியது என்று கம்பெனியே சொன்னது. எத்தியோப்பிய வீராங்கனை டிக்ஸ்ட் அசெஃபா அந்த வருஷம் பெர்லின் மாரத்தானில் 2:11:53 ஓடியது அதைப் போட்டுத்தான். எல்லாப் பிளேட் ஷூவும் அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் அந்த மென்மையான ஃபோம் தினசரி ஷூ ஃபோம் அளவுக்கு உழைக்காது. உள்ளே பிளேட் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியவும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என்னை உண்மையிலேயே வருத்தியது. இங்கே பழைய ஷூக்களைச் சேகரித்து அரைத்து விளையாட்டுத் திடல்களுக்குத் தரை போடுவதாக ஒரு திட்டம் வந்தது. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் 11 ஜோடி ஷூக்களில் இருப்பிடம் காட்டும் கருவியை ஒளித்து வைத்துப் பெட்டிகளில் போட்டார்கள். 2023 பிப்ரவரியில் செய்தி வந்தது. ஒரு ஜோடிகூடத் தரையாகவில்லை. பல ஜோடிகள் இந்தோனேசியாவின் பழைய பொருள் சந்தைகளுக்குப் போயிருந்தன. பழைய ஷூ இறக்குமதிக்கு அங்கே தடை உண்டு. தொட்டியில் போடுவதைவிட, அளவு சேர்கிற ஓர் ஆளைத் தேடிப்பிடித்துக் கையில் கொடுப்பதே சரி என்று அதிலிருந்து நினைக்கிறேன்.

யாழ்_ஓட்டம்:
தேக்கா அண்ணை சொன்னது நூறு வீதம் உண்மை. இங்க யாழ்ப்பாணத்தில கனபேர் ஓடுறது வெளிநாட்டுச் சொந்தங்கள் பாவிச்சிட்டு அனுப்பிற சப்பாத்திலதான். 2022 நெருக்கடியில டொலர் 200 ரூபாயில இருந்து 360 அளவுக்குப் போனாப்பிறகு புதுச் சப்பாத்து வாங்கிறது சின்ன விசயம் இல்லை. கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் வாற பொதியளில ஒண்டு ரெண்டு சோடி இருக்கும். துரையப்பா அரங்கில ஓடுற பெடியள் தங்களுக்குள்ளயே அளவு பாத்து மாத்திக்கொள்ளுவினம்.

அதில நாங்கள் கண்ட சிக்கல் இலக்கம்தான். ஒரு சோடியில யு.கே., இன்னொண்டில யு.எஸ்., வேறொண்டில ஐரோப்பிய இலக்கம். யு.கே. 8 எண்டால் நைக்கியில 27 சென்ரிமீற்றர், அடிடாஸில 26.5. அதால லேபிளில இருக்கிற சென்ரிமீற்றரை மட்டும் பாருங்கோ. பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம் ஒரு தாளில நிண்டு குதியில இருந்து நீளமான விரல் வரைக்கும் அளந்து, அதோட ஒரு சென்ரிமீற்றர் அளவு கூட்டிப் பாருங்கோ.

போளூர்_தமிழ்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செல்வி அக்கா, வலி நீளமாத்தான் இருக்கு, புள்ளியா இல்ல. ராத்திரி வலிக்கல. போன மாசம் ஓட்டத்தைத் திடீர்னு கூட்டினேன், அதுதான் காரணம் போல.

அந்த ஆள்கிட்ட லேபிள் போட்டோ கேட்டேன். முதல்ல "எதுக்குங்க"ன்னார், அப்புறம் அனுப்பினார். லேபிள்ல இருக்கிற மாடல் எண்ணைத் தேடிப் பாத்தா அதே பிராண்டோட ஒரு கூடைப்பந்து ஷூ வருது. ஸ்ட்ராவா கேட்டதுக்குப் பதிலே இல்ல. கால் அளந்தேன், 25.5 செ.மீ.

மெரினா_விடியல்:
அது போலி, தம்பி. ஃபர்ஸ்ட் காப்பி, 7ஏ என்று போலிக்குத் தரப் பெயர் வைத்துப் புதிதாகவே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு விற்கிற சரக்கு அது. அதையே "பழையது" என்று போட்டால் வாங்குபவர் பில் கேட்க மாட்டார், பெட்டி கேட்க மாட்டார். அதனால்தான் புதிது மாதிரி இருக்கிறது. நிஜ ஷூவில் லேபிள் எண்ணும் மாடலும் ஒத்துப்போகும். ஆனால் எண் ஒத்துப்போனாலே நிஜம் என்று ஆகாது, நல்ல போலிக்காரர்கள் எண்ணையும் சரியாகவே அச்சடிக்கிறார்கள். அதனால்தான் ஆளைப் பார்த்து, ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்து வாங்கச் சொல்கிறேன்.

25.5 என்றால் உங்களுக்கு 26.5 சரியாக இருக்கும். எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர் 26.5-ல் ஒரு தினசரி ஷூவை விற்கப் பார்க்கிறார். முன்பாதம் அவருக்குக் குறுகலாக இருக்கிறதாம். ஸ்ட்ராவாவில் 170 கிலோமீட்டர் காட்டுகிறது, நான் பார்த்தேன். வாங்கிய பில்லும் இருக்கிறது. 1,500 கேட்கிறார். வரும் பௌர்ணமிக்குக் கிரிவலம் போக அவர் திருவண்ணாமலை வருகிறார், கையோடு கொண்டு வரச் சொல்கிறேன். போட்டுப் பார்த்து, பிடித்தால் மட்டும் பணம் கொடுங்கள். பிடிக்காவிட்டால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர் தவறாக நினைக்க மாட்டார்.

ஆம்பூர்_பட்டறை:
போகும்போது ஓடுகிற சாக்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போட்டு இருபது முப்பது மீட்டர் ஓடிப் பாருங்கள். நடந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குதிகாலைச் சுற்றியுள்ள உள்துணி கிழிந்து உள்ளே இருக்கிற கெட்டிப் பகுதி தட்டுப்பட்டால் கொப்புளம் நிச்சயம், அதற்கு ரிப்பேரும் சரியாக வராது. பின்பக்கக் கெட்டிப் பகுதியை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று இருக்கக் கூடாது.

போளூர்_தமிழ்:
வாங்கிட்டேன்! நீங்க எல்லாரும் சொன்ன மாதிரியே மேசை மேல வச்சுப் பாத்தேன், நேரா நின்னுச்சு. இன்சோலைக் கழட்டி அமுக்கிப் பாத்தேன். பக்கத்துல சின்னக் கோடுதான், மடிப்பு இல்ல. லேபிள்ல தேதி போன வருஷம். பெரு விரலுக்கு முன்னாடி கட்டை விரல் அகலம் இடம் இருக்கு. அந்த அண்ணன் 1,500 சொன்னவர், தேர்வுக்குன்னு தெரிஞ்சதும் 1,200 வாங்கிக்கிட்டார். இதை எப்படித் துவைக்கிறது?

பிசியோ_செல்வி:
ரொம்ப மகிழ்ச்சி தமிழ். முதலில் பழைய இன்சோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். அடுத்தவர் வியர்வை ஊறியது அதில்தான். சேற்றுப்புண், நகப்பூஞ்சை எல்லாம் அப்படியும் ஒட்டிக்கொள்ளும். லேஸைக் கழற்றித் தனியாகத் துவையுங்கள். சாதாரணத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பிரஷ் போதும். வெந்நீரும் வாஷிங் மெஷினும் வேண்டாம், பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றி மாற்றி வைத்து, நிழலில் காற்றோட்டமாக முழுக்கக் காய விடுங்கள். போடுவதற்கு முன் பூஞ்சைக்கான பவுடரை உள்ளே தூவிக்கொள்ளுங்கள்.

(இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பழைய ஷூவே வாங்க வேண்டாம். உள்ளே உறுத்துவது உங்களுக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.)

இரண்டு வாரத்துக்கு ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். முடிந்தவரை ரோட்டை விட்டுவிட்டு மண் தரையில் ஓடுங்கள்.

கோச்_புதுக்கோட்டை:
தம்பி, ரெண்டு வாரம் மேடம் சொல்றபடி கேளுங்க. வலி போனதும் எனக்குத் தனிமடல் போடுங்க, 1500-க்கு வாராவாரம் என்ன ஓடணும்னு எழுதித் தர்றேன். வாரம் 25 கிலோமீட்டர் ஓடினீங்கன்னா இந்த ஷூ நாலு மாசம் தாராளமா வரும். தேர்வுத் தேதியை அதோட வச்சுப் பாத்துக்குங்க.

வந்தவாசி_மலர்:
இழை முழுக்கப் படிச்சேன். நானும் காவலர் தேர்வுக்குத்தான் ஓடுறேன், பெண்கள் பிரிவு 400 மீட்டர். எனக்கு 23.5 செ.மீ., முன்பாதம் அகலம். பெண்கள் ஷூ எதைப் போட்டாலும் சுண்டுவிரல் நசுங்குது. யாராவது விற்கிறதா இருந்தா சொல்லுங்க.

மெரினா_விடியல்:
மலர், ஒரே நீளத்துக்கு ஆண்கள் ஷூ பெரும்பாலும் பெண்கள் ஷூவைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். 24.5-ல் ஆண்கள் மாடல் சிலது வருகிறது, அதையும் சேர்த்துத் தேடுங்கள். குழுவில் கேட்டுப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே எழுதுகிறேன்.